மேனகா டீச்சரின் பெருநாள் லீவு

லீவு என்றால் முகம் சுளிக்கிற டீச்சரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேனகா அப்படி ஒருத்தி. ஊர், மொரப்பூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. வேலை, மாலத்தீவில். கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் கணக்கு டீச்சர். அந்தத் தீவை ஒரு முறை சுற்றிவர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் பிள்ளைகளும் பரீட்சைத் தாள்களும் அவளை இழுத்துக்கொண்டு ஓடும். பொழுது போவதே தெரியாது. லீவு விட்டால்தான் சிக்கல். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. சுற்றி முடித்தால் மறுபடி அதே அறை, அதே ஜன்னல், அதே கடல்.

அந்த லீவாவது ஊர் லீவோடு ஒத்துப்போகிறதா என்றால், இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அங்கே வாரக்கடைசி என்பது வெள்ளியும் சனியும். ஊரே ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் குழம்பு வைக்கிற நேரத்தில் மேனகா போர்டு முன்னால் நிற்பாள். பொங்கலன்று எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. ஆடிப் பதினெட்டுக்குத் தருமபுரி மாவட்டமே லீவு விட்டு ஒகேனக்கல்லுக்கு ஓடும். அவள் மாதத் தேர்வுக்கு மேற்பார்வை பார்ப்பாள். அங்கே லீவு விடுகிற நாளிலோ இங்கே எல்லாருக்கும் வேலை இருக்கும். போன் போட்டால், "அப்பறம் பேசறன்க்கா" என்று தம்பி வைத்துவிடுவான்.

எந்த நேரம் போட்டாலும் எடுக்கிற ஒரே ஆள் அப்பா காளியன்தான். இரண்டு ஏக்கர் நிலமும் பன்னிரண்டு புளியமரமும் வைத்திருந்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மனைவி போய் ஆறு வருஷம். மகன் பூபதியும் மருமகள் ராதிகாவும் கூடவே இருந்தார்கள். மாலத்தீவு எந்தத் திக்கில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அங்கே எந்த நாள் லீவு என்பது அத்துபடி. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் பிறை போட்ட நாளையெல்லாம் தேடிப் பிடித்து வைத்திருப்பார். சந்தேகம் வந்தால் நூர் பாஷாவைக் கேட்பார். நூர் பாஷா தருமபுரிப் புளி வியாபாரி. இருபத்தைந்து வருஷமாகக் காளியனின் மரங்களை வேறு ஒருவருக்கும் விடாமல் அவர்தான் எடுத்தார். புளி பேச வந்தவர் எப்போது சிநேகிதரானார் என்று இருவருக்குமே நினைவில்லை.

"பாய் சொன்னாரு பாப்பா. உங்க ஊர்ல பொற ஒரு நாளு முன்னாடியே தெரிஞ்சிருமாம். அதனால உனக்கு வெள்ளிக்கெழம நோம்பி, அவருக்குச் சனிக்கெழம நோம்பி. என்னா சோறு போடுவாங்க?"

"எனக்கென்னப்பா தெரியும். நான் ரூம்லதான இருக்கறன்."

"நாலு சுவத்தப் பாத்துகினு இருக்கறதுக்கா லீவு உடறாங்க? போ. கூப்புட்ட வூட்டுக்குப் போ. நாலு எடத்தப் பாரு. செத்தவங்களா நாம, ஒரு மூலையில கெடக்கறதுக்கு?"

மேனகாவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டே வருஷத்தில் முறிந்தது. அரசு வேலை வரும் வரும் என்று தனியார் பள்ளியில் பதினோரு வருஷம் தேய்ந்தாள். அதற்குப் பிறகுதான் இந்தத் தீவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்தபோது, எல்லாரும் ஆளுக்கொரு புத்தி சொல்ல, காளியன் கேட்டது ஒரே கேள்வி.

"ஏம் பாப்பா, ஒரு அவசரம்னா அங்கிருந்து வர முடியுமா?"

"ஒரே நாள்ல வந்துருவன்ப்பா."

"வந்துருவ இல்ல?"

"எப்படியாச்சும் வந்துருவன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மகளை அவ்வளவு தூரம் அனுப்ப அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவளுக்கோ, சொன்ன நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் பயம். ஆஸ்பத்திரி, மாரடைப்பு என்று யார் வீட்டுச் செய்தி வந்தாலும் மனசுக்குள் படகையும் விமானத்தையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பாள். ஒரே நாள் என்பது சரிதான். படகு கிடைத்தால் சரிதான்.

இந்த வருஷம் பெரிய பெருநாளான பக்ரீத்துக்கு அவள் அப்பா பேச்சைக் கேட்டாள். கீழ் வீட்டுக்காரி ஆமினா மூன்று வருஷமாகக் கூப்பிட்டும் போகாதவள், வெள்ளிக்கிழமை காலை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஆமினாவும் அவள் புருஷன் ஹசனும் வாசலிலேயே நின்று வரவேற்றார்கள். ஹசன் மீன் பிடிக்கிறவர், சொந்தமாக ஒரு விசைப்படகு உண்டு. தீவே தெருவில் இருந்தது. தென்னை ஓலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய மீனைப் பின்னி, ஆண்களெல்லாம் மீன் பிடிக்கிற மாதிரி வலையோடு அதைத் துரத்தினார்கள். பிறகு சாயத்தண்ணீர். மேனகாவின் வகுப்புப் பிள்ளைகள், பின்னம் வராமல் அவளிடம் திட்டு வாங்கிய அதே பிள்ளைகள், பக்கெட்டோடு வந்து மஞ்சளும் சிவப்புமாகத் தலையில் ஊற்றினார்கள். ஊரில் மாரியம்மன் நோம்பியில் முறைமாமன்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விரட்டினது ஞாபகம் வந்தது. அவளும் ஒரு பக்கெட்டைப் பிடுங்கி ஹெட்மாஸ்டர் மேலேயே ஊற்றினாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஆமினா போட்டோ எடுத்துக் கொடுத்தாள். அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, தலையைப் பிழிந்துகொண்டு நின்றபோது பூபதி போன் செய்தான்.

"அக்கா, எங்கக்கா இருக்கற?"

"தெருவுலடா. இங்க நோம்பி."

"கூட யாராச்சும் இருக்காங்களா?"

அந்தக் கேள்வியிலேயே அவள் கை நின்றுவிட்டது.

"என்னடா?"

"அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்க்கா. காலைல நெஞ்சு வலின்னாரு. தருமபுரி ஆஸ்பத்திரியில சேத்திருக்கறோம். நீ பதறாம கெளம்பி வா."

"போனை அப்பாகிட்டக் குடு."

"ஐசியூக்கா. உள்ள போனு எடுத்துகினு போவக்கூடாதுன்றாங்க."

பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. ராதிகா அழுகிற சத்தமும் கேட்டது.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தியை யாரும் சாவு என்று சொல்ல மாட்டார்கள். சீரியஸ் என்பார்கள். தனியாக வருகிற பிள்ளை வழியில் இடிந்து விழுந்துவிடக்கூடாதே என்ற கரிசனம். கூட யாராவது இருக்கிறார்களா, சாப்பிட்டாயா, பதறாமல் வா. இந்த மூன்றில் இரண்டை ஒருத்தர் சேர்த்துச் சொன்னாலே சொந்தபந்தம் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும். கேட்கிறவருக்கும் புரியும், ஆனாலும் புரியாத மாதிரி பஸ் ஏறுவார். பந்தலைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேரும் நடிப்பை நிறுத்துவார்கள்.

மேனகாவே இதைச் செய்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா தூக்கத்திலேயே போனபோது, பூபதி பெங்களூரில் வேலையில் இருந்தான். அவள்தான் போன் போட்டாள். "அம்மாவுக்கு சீரியஸ்டா, கெளம்பி வா." அவன் நம்பினான். அம்மாவுக்குத் தெம்பு வேண்டுமே என்று ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றும் சாத்துக்குடி இரண்டு கிலோவும் வாங்கிக்கொண்டு மொரப்பூரில் வந்து இறங்கினான். பந்தலுக்கு முன்னால் அந்தப் பையோடு நின்றான். "ஏன்க்கா எங்கிட்டப் பொய் சொன்ன?" என்று அவன் கேட்டதை அவள் மறக்கவில்லை. ஒரு மாசம் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

ஆகவே அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அப்பா போய்விட்டார். என்னிடமிருந்து கற்றுக்கொண்டதை என்னிடமே சொல்கிறான் என்று நினைத்தாள். தம்பி மேல் பரிதாபம்கூட வந்தது. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறான். குடைந்து குடைந்து கேட்டு அவனை இன்னும் பொய் சொல்ல வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பூபதி, ஞாயித்துக்கெழமதான்டா இங்க படகு. திங்கக்கெழமதான் நான் வந்து சேர முடியும்."

"திங்கக்கெழமயா?"

"எனக்காகக் காத்திருக்க வேணாம். செய்ய வேண்டியத நீங்க செஞ்சிருங்க."

"என்னக்கா இப்படிப் பேசற? டாக்டரு என்னமோ கையெழுத்துக் கேக்கறாரு..."

"போடு. எல்லாத்தயும் நீயே பாத்துக்க."

வெள்ளிக்கிழமை. சனிப் பிணம் தனியாகப் போகாது என்று எங்கள் ஊரில் பயப்படுவார்கள். வெள்ளிக்கிழமை போனவரை ராத்திரி தாண்டி வைத்திருக்க மாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். மேனகா மணியைப் பார்த்தாள். பதினொன்று. சிறகு முளைத்துப் பறந்தாலும் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது.

ஆமினாவிடம் சொன்னாள். ஆமினா போய் ஹசனிடம் சொன்னாள். ஹசன் தலையெல்லாம் மஞ்சள் சாயம் வடிய ஓடிவந்தார். அவர் வீட்டில் விருந்துக்கு முப்பது பேர் வருவதாக இருந்தது. தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: படகு தயார், டீசல் இருக்கிறது, ஐந்து மணி நேரத்தில் விமான நிலையம் இருக்கிற மாலே. டீச்சர் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

"வேண்டாம் ஹசன். உங்கள் பெருநாள்."

"பெருநாள் அடுத்த வருஷமும் வரும்."

"இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறியிருக்க வேண்டிய ஒரே இடத்தில் மேனகா பதறாமல் இருந்தாள். நாகரிகமாக இருந்தாள். ஒரு குடும்பத்தின் நல்ல நாளைத் தன் துக்கத்தால் கெடுக்கக்கூடாது என்று நினைத்தாள். இதில் எதைத் தப்பென்று சொல்வது? ஆனால் தப்பாகத்தான் போயிற்று.

ஹசன் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். மேனகா திங்கட்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் போனை அணைத்தாள். பூபதி மறுபடி மறுபடி கூப்பிட்டு, "பரவால்லக்கா, இப்பக் கொஞ்சம் தேவல" என்றெல்லாம் நடிப்பதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. ஆள் இல்லாத பக்கமாகப் போய்க் கடலில் இறங்கித் தலை முழுகினாள். அறைக்கு வந்து ஜன்னலைச் சாத்தி, எவர்சில்வர் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, தெற்கே பார்த்து ஒரு விளக்கு வைத்தாள். ஒப்பாரி வைக்க அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்கு அத்தைகள் அழுத இரண்டு வரி ஞாபகத்தில் இருந்தது. அதில் அம்மாவை எடுத்துவிட்டு அப்பாவைப் போட்டு அழுதாள். வெளியே பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். சனிக்கிழமை முழுக்க அறைக் கதவைத் திறக்கவில்லை. ஆமினா வாசலில் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேகப் படகு. ஒன்பது மணிக்கு மாலே. மறுநாள் விமானத்துக்கு டிக்கெட்டைச் சரிபார்ப்பதற்காகப் படகுத்துறையில் நின்றபடியே போனை ஆன் செய்தாள். தவறிய அழைப்புகள் பதினேழு. வாட்ஸப்பில் பூபதியின் எண்ணிலிருந்து மூன்று குரல் செய்திகள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அனுப்பியவை. தம்பி அழுதிருப்பான் என்று நினைத்துத்தான் முதலாவதை அழுத்தினாள்.

"பாப்பா, அப்பன் பேசறன். பூபதி இதுல பேசுன்னு குடுத்தான். உனக்குப் போனு போவல. நீ கடல்ல வந்துகினு இருக்கறயாம், அதான் டவரு இல்லன்றான். எனக்கு ஒண்ணும் இல்ல, வார்டுக்கு மாத்திட்டாங்க. நேத்து நெஞ்சுமேல யாரோ ஏறி உக்காந்த மாரி இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு இட்லி தின்னன்."

மேனகா இரண்டாவதை அழுத்தினாள்.

"பாய் வந்துட்டுப் போனாரு. அவங்களுக்கு இன்னைக்குத்தான நோம்பி. தொழுவிட்டு நேரா இங்க வந்துட்டாரு. உம் போட்டோவ எல்லாத்துக்கும் காட்டனன். மஞ்சத்தண்ணி ஊத்திகினு நிக்கறயே, அது. நல்லா சிரிச்சிருக்கற பாப்பா. நீ இப்படிச் சிரிச்சு எத்தன வருசம் ஆச்சு."

மூன்றாவது சின்னது.

"படகுல ஓரமா உக்காராத. ஆமா. வெச்சர்றன். டேய் பூபதி, இத எப்பிட்றா நிறுத்தறது?"

படகுத்துறையில் அத்தனை பேர் முன்னால் மேனகா வாய்விட்டுச் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா இருக்கிறார். இட்லி தின்கிறார். இரண்டு நாள் துக்கமும் பொய். தன்னைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டாள். நான்காவது முறைதான் எடுத்தான்.

"பூபதி, அப்பா எப்படிடா இருக்காரு? இப்பத்தான் பேசுனதக் கேட்டன். குடு அவருகிட்ட."

அவன் போனோடு தள்ளிப் போய்ப் பேசினான்.

"காலைலேர்ந்து மறுபடி கொஞ்சம் சீரியஸ்க்கா. உள்ள வெச்சிருக்காங்க. நீ பாத்து வா. கூட யாராச்சும் இருக்காங்களா?"

அதே கேள்வி. இந்த முறை அவள் அதைக் கவனிக்கவில்லை. அப்பாவின் குரலைக் காதில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் கவனிக்கத் தோன்றும்? வெள்ளிக்கிழமை உண்மையைப் பொய் என்று எடுத்துக்கொண்டவள், ஞாயிற்றுக்கிழமை பொய்யை உண்மை என்று எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்று மதியமே பெங்களூர் போகிற விமானத்தில் கடைசி இடத்தை அழுது வாங்கினாள். தம்பியை மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இன்றைக்கே வருகிறேன், அப்பாவிடம் சொல் என்று செய்தி அனுப்பினாள். பெங்களூரில் இறங்கி வாடகைக் கார் பிடித்து, ஓசூர், கிருஷ்ணகிரி என்று வழி நெடுக டிரைவரை விரட்டினாள். நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். கிருஷ்ணகிரி தாண்டும்போது ராதிகா கூப்பிட்டாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்கு வேணாம். நேரா வூட்டுக்கே வந்துருங்க."

அதன் பிறகு மேனகா டிரைவரை விரட்டவில்லை.

ஏழரை மணிக்கு வீடு வந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். மண் ஈரமாக இருந்தது. வாடகை நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பூபதி மொட்டைத் தலையோடு எழுந்து வந்தான். காலை ஆறு மணிக்கு உயிர் போயிற்று. மாலை ஐந்து மணிக்குச் சொந்த நிலத்திலேயே, மேற்கு வரப்போரம், அடக்கம் ஆயிற்று. காரியம் செய்யப் போனவன் போனைச் சட்டையோடு கழற்றி வைத்திருந்தான். அவள் அனுப்பிய செய்தியை அவன் பார்த்தபோது மணி ஆறு.

"மொகம் பாக்கக்கூட வெச்சிருக்கலியேடா" என்றாள் மேனகா.

"பெரியவங்க கேட்டாங்கக்கா, பொண்ணு வர்றவரைக்கும் ஐஸ் பெட்டியில வெச்சிருக்கலாமான்னு. நீதான எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொன்ன."

பெண்கள் அவளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். "கடலத் தாண்டி வரணுமே, படகு இல்லாம அவ என்னா பண்ணுவா" என்று ஒரு பெரியம்மா சொன்னதை எல்லாரும் ஆமோதித்தார்கள்.

மறுநாள் காலை பால் ஊற்றிவிட்டு, மற்றவர்கள் முன்னால் நடக்க, அக்காவும் தம்பியும் பின்தங்கினார்கள்.

"போன ஏன்க்கா ஆஃப் பண்ணுன? அப்பா எத்தன தடவ கேட்டாரு தெரியுமா?"

"நீ பொய் சொல்றதக் கேக்க முடியாமத்தான்."

"என்ன பொய்?"

"சீரியஸ்னு சொன்னயே."

பூபதி நின்றுவிட்டான்.

"நெசமாத்தானக்கா சொன்னன். அம்மா சாவுல நான் பட்டத உன்னயும் படவெப்பனா? நேத்துதான், நீ தனியா வர்றயேன்னு மனசு கேக்காம..." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அப்ப வெள்ளிக்கெழமயே நீ அழுதுட்டயா?"

"அழுதுட்டன். தல முழுவிட்டன். உசுரோட இட்லி தின்னுகினு இருந்தவருக்குத் தெக்கப் பாத்து வெளக்கு வெச்சுட்டன்டா. அதனாலதான் போயிட்டாரோ என்னமோ."

"சும்மா இருக்கா. வெளக்கு வெச்சா ஆளு போயிருவாங்களா?" என்றான். அவன் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

மேனகா மிச்சத்தையும் சொன்னாள். ஹசன் ஓடிவந்ததை, படகு தயாராக நின்றதை, அவசரம் இல்லை என்று தானே சொன்னதை. கணக்கு டீச்சர் அல்லவா, கணக்கையும் போட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஏறியிருந்தால் சாயந்தரம் மாலே. சனிக்கிழமை காலை விமானம். மூன்று மணிக்குத் தருமபுரி. அப்பா அந்தப் போனில் பேசியது நான்கு மணிக்கு. அவர் போனில் பேசியிருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

பூபதி வரப்பின் மேல் உட்கார்ந்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாதக்கா" என்றான் கடைசியில். "படகு இல்லன்னே இருக்கட்டும்."

அதன் பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாருக்கும் பூபதிதான் பதில் சொன்னான். பொய் என்றால் எரிந்து விழுகிறவன், அவள் வாய் திறப்பதற்கு முன்னால் முந்திக்கொண்டான். "அங்க நோம்பிங்க. படகே இல்லீங்க. அக்கா என்னாங்க பண்ணும்." கேட்டவர்கள் மேனகாவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு உச்சும் முதுகில் விழுகிற அடி மாதிரி இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நூர் பாஷா வந்தார். சாப்பிட்டு, எல்லாரும் கிளம்பும் வரை காத்திருந்து, மேனகா தனியாக இருக்கும்போது வந்து எதிரில் உட்கார்ந்தார். பூபதி பந்தல்காரனோடு பேசப் போயிருந்தான். பெரியவருக்குக் கண் கலங்கியிருந்தது. எதையோ கேட்க வந்து கேட்கத் தயங்குவது தெரிந்தது.

"என்னா மாமா?"

"ஒண்ணு கேக்கணும் பாப்பா. பதினஞ்சு நாளா தூக்கம் இல்ல. சனிக்கெழம நான் ஆஸ்பத்திரிக்குப் போனன் இல்ல, அப்ப உங்கப்பா எங்கிட்டக் கேட்டாரு. 'ஒரே நாள்ல வந்துருவன்னு பொண்ணு சொல்லிச்சு பாய், இன்னும் வரலியே'ன்னாரு. மொகம் வாடிப்போச்சு. நான் சொன்னன், 'காளியண்ணே, நேத்து அங்க பெருநாளு. பெருநாளும் அதுவுமா எவன் வூட்ட உட்டுட்டுப் படகு எடுப்பான்? எங்க ஆளுங்க எனக்குத் தெரியாதா? ஒருத்தனும் வந்திருக்க மாட்டான். வந்திருந்தா உங்க பொண்ணு வராம இருக்குமா'ன்னு. அதக் கேட்ட பின்னாடிதான் அவருக்குத் தெளிவு வந்துச்சு. அப்பறந்தான் உம் போட்டோவக் காட்டிச் சிரிச்சாரு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அங்க நெலம என்னான்னு தெரியாம, சாவப்போற மனுசங்கிட்ட வாய்க்கு வந்ததச் சொல்லிட்டனோன்னு உறுத்துது. நான் சொன்னது சரிதான பாப்பா? யாரும் வரலதான?"

மேனகாவின் கண்ணுக்கு முன்னால் ஹசன் நின்றார். தலையில் மஞ்சள் சாயம் வடிய, இரண்டு முறை கேட்டுவிட்டு, இரண்டாம் முறை தலை குனிந்து திரும்பிப் போன ஹசன்.

"சரிதான் மாமா" என்றாள். "யாரும் வரல."

நூர் பாஷா கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் காளியண்ணங்கிட்டப் பொய் சொல்லல."

அவள் தலையில் கையை வைத்துவிட்டு எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பூபதியிடம் சொல்லிக்கொண்டு போனார்.